நீலம் எங்கே போச்சு? எச்சில், ஸ்டார்ச், அயோடின்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது)

போன மாசம் ஒரே ரீலை எனக்கு மூணு பேர் அனுப்பியிருந்தாங்க. ஒருத்தர் கடையில வாங்கின பனீரை ஒரு கிண்ணம் வெந்நீர்ல போட்டு, ஆவி பறக்கப் பறக்க அதுல டிங்சர் அயோடின் ரெண்டு சொட்டு விடறார். நீலம் வரல. உடனே கேமராவைப் பாத்து, "நூறு சதவீதம் ப்யூர்" அப்படிங்கறார். கமென்ட்ல எல்லாரும் கை தட்டறாங்க.

நீலம் வந்தா மாவு இருக்குன்னு அர்த்தம். அது நமக்கு எட்டாம் வகுப்புலயே தெரியும். ஆனா நீலம் வரலைன்னா? இல்ல, வந்த நீலம் கண் முன்னாடியே மறைஞ்சா? அதுக்கு என்ன அர்த்தம்? இந்தக் கேள்வியை ஒழுங்கா கேட்டு, ஒழுங்கா பதில் கண்டுபிடிக்க ஐரோப்பிய வேதியியலுக்குக் கிட்டத்தட்ட 60 வருஷம் ஆச்சு. நொதி, அதாவது என்சைம், அப்படின்னு ஒண்ணு இருக்குங்கறதே அந்த 60 வருஷத்துலதான் தெரிய வந்தது. அந்தக் கதைதான் இன்னிக்கு.

கதை ஒரு போர்ல ஆரம்பிக்குது. வருஷம் 1811. நெப்போலியனோட பிரான்ஸ் ஒரு பக்கம், பிரிட்டன் இன்னொரு பக்கம். துப்பாக்கி மருந்துக்கு வெடியுப்பு வேணும். பிரிட்டனுக்கு அதுல கவலையே இல்ல; பீகார்ல இருந்து கப்பல் கப்பலா வெடியுப்பு போய்க்கிட்டிருந்தது. கடலை பிரிட்டிஷ் கடற்படை அடைச்சு வச்சிருந்ததால பிரான்ஸ் தன் ஊர்லயே தயாரிக்க வேண்டியிருந்தது. பாரிஸில் அந்தத் தொழிலைச் செய்தவர்களில் ஒருவர் பெர்னார் குர்துவா. சாம்பல்ல இருந்து உப்பு எடுக்கற வேலை. மரச் சாம்பலுக்கு பதிலா நார்மண்டி, பிரிட்டனிக் கரைகளில் ஒதுங்கற கடற்பாசியை எரிச்ச சாம்பலை அவர் பயன்படுத்தினார்.

அந்தச் சாம்பல் கரைசலைக் காய்ச்சின பாத்திரங்களின் அடியில் ஒரு கசடு படியும். அதைக் கழுவ கந்தக அமிலம் ஊத்துவாங்க. ஒரு நாள் அமிலம் கொஞ்சம் அதிகமாப் போக, பாத்திரத்துல இருந்து ஊதா நிறத்துல புகை வந்தது. குளிர்ந்த இடத்துல பட்டதும் அந்தப் புகை கருப்பா, பளபளன்னு படிகமா ஒட்டிக்கிச்சு. குர்துவாவுக்கு இது புதுசுன்னு புரிஞ்சது, ஆனா ஆராய்ச்சி செய்யப் பணமும் நேரமும் இல்ல. படிகத்தை நண்பர்களிடம் கொடுத்தார். 1813 கடைசியில அவங்க அதை பாரிஸ் அறிஞர் சபையில அறிவிச்சாங்க. ரெண்டு நாட்டுக்கும் போர் நடந்துக்கிட்டிருக்கும்போதே, நெப்போலியனோட அனுமதிச் சீட்டோட இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அப்ப பாரிஸ்ல இருந்தார்! அவருக்கும் படிகம் கிடைச்சது. டேவிக்கும் பிரெஞ்சுக்காரர் கே-லுசாக்குக்கும் யார் முதல்ல இதைத் தனிமம்னு சொன்னதுன்னு சண்டை. பெயர் வச்சது கே-லுசாக்: கிரேக்கத்துல ஊதா நிறம்ங்கற சொல்லை வச்சு "அயோட்". நம்ம அயோடின்.

புதுசா ஒரு தனிமம் கிடைச்சா அந்தக் காலத்து வேதியியலாளர்கள் செய்யற முதல் வேலை, கையில் இருக்கற எல்லாத்தோடயும் அதைக் கலந்து பாக்கறது. 1814ல் கோலன், கோல்தியே த க்ளோப்ரி என்ற ரெண்டு பேர் தாவர, விலங்குப் பொருட்களோட அயோடினைக் கலந்துக்கிட்டே வந்தாங்க. ஸ்டார்ச் வந்தது. கருநீலம். வேற எந்தப் பொருளும் அப்படி ஒரு நிறம் கொடுக்கல. அதுவரைக்கும் ஒரு பொருள்ல மாவுச்சத்து இருக்கான்னு பாக்கணும்னா கழுவி, வடிகட்டி, காய வச்சுப் பாக்கணும். இனிமே ஒரு சொட்டு போதும்.

நிறம் ஏன் வருதுங்கறதை இங்கயே சொல்லிடறேன், அது 20ஆம் நூற்றாண்டுல தெரிஞ்ச விஷயம்னாலும். ஸ்டார்ச்ங்கறது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. அதுல ரெண்டு வகை: கிளை கிளையாப் பிரியறது அமைலோபெக்டின், நீளமாப் போறது அமைலோஸ். அமைலோஸ் சங்கிலி ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டுக்கும், ஒரு சுத்துக்கு சுமார் ஆறு குளுக்கோஸ். அந்த ஸ்ப்ரிங்கோட உள் குழாய்க்குள்ள அயோடின் வரிசையாப் போய் உக்காந்துக்கும். அப்படி வரிசையா உக்காந்த அயோடின்தான் நீலமாத் தெரியுது. சங்கிலி குட்டையாக ஆக நிறம் ஊதா, செம்பழுப்புன்னு இறங்கும். ரொம்பக் குட்டையாயிட்டா நிறமே கிடையாது. ஒட்டிக்கற பசை அரிசியில அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை. அதனால அதுல அயோடின் விட்டா நீலம் வராம செம்பழுப்புதான் வரும்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, சூடு பண்ணா அந்தப் பிணைப்பு விட்டுப்போய் நிறம் மறைஞ்சிடும். இந்த எபிசோடுக்காக நான் சாதம் வடிச்ச கஞ்சியைத் தண்ணி விட்டு நீர்த்து, டிங்சர் ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன். நல்ல நீலம். அடுப்புல வச்சேன், கொதி வரதுக்குள்ள வெளுத்துப் போச்சு. இறக்கி ஆற விட்டேன், நீலம் திரும்பி வந்தது. (அந்தப் பாத்திரத்தை நல்லாக் கழுவுங்க, அந்தக் கஞ்சியை யாரும் குடிச்சிடாதீங்க.) ரெண்டு, எலுமிச்சைச் சாறு மாதிரி வைட்டமின் சி உள்ள எதை விட்டாலும் அது அயோடினையே மாத்திடும். ஸ்டார்ச் அப்படியே இருக்கும், நீலம் போயிடும்.

இப்ப அந்த ரீலுக்கு வாங்க. வெந்நீர்ல டிங்சர் விட்டார் இல்லையா? நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., வீட்டுலயே செய்யற கலப்படச் சோதனைகளுக்கு ஒரு கையேடு வச்சிருக்கு. பனீர், கோவா சோதனைக்கு அதுல சொல்ற வரிசை: கொஞ்சம் தண்ணியில கொதிக்க வை, ஆற விடு, அப்புறம் ரெண்டு மூணு சொட்டு டிங்சர். கொதிக்க வைக்கறது ஸ்டார்ச் துகள் வெந்து கரையறதுக்கு. ஆற விடறது எதுக்குன்னு இப்ப உங்களுக்கே தெரியும். நடுவுல இருக்கற அந்த ரெண்டு வார்த்தையை விட்டுட்டா மாவு கலந்த பனீரும் "ப்யூர்" ஆயிடும். அதோட, மாவு இல்லைங்கறது மட்டும்தான் இந்தச் சோதனை சொல்லும். பனீர்ல பாமாயில் இருக்கான்னு அயோடினைக் கேட்டா அது என்ன சொல்லும் பாவம்.

சரி, 1811க்கே திரும்பலாம். அதே வருஷம், அதே போர், வேற ஊர். கரும்புச் சர்க்கரை ஐரோப்பாவுக்கு வரதும் முடங்கியிருந்தது. ரஷ்யாவோட செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துல கிர்ஹாஃப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சை நீர்த்த கந்தக அமிலத்துல கொதிக்க வச்சார். கொழகொழப்பு போச்சு, இனிப்பான பாகு வந்தது. மாவுல இருந்து சர்க்கரை! இனிப்புக்கு ஏங்கிக் கிடந்த ஐரோப்பாவுல அது பெரிய செய்தி. எனக்கு அதைவிட சுவாரசியமாத் தோணறது வேற: வேலை முடிஞ்சப்புறம் ஊத்தின அமிலம் அப்படியே மிச்சம் இருந்தது. அது எதுலயும் சேரல, தீரவும் இல்ல. பக்கத்துல நின்னு வேலை வாங்கிட்டு சும்மா இருந்தது. சில வருஷத்துல அதே கிர்ஹாஃப், தானியத்துல இருக்கற பசைப்பொருளை வெதுவெதுன்னு ஸ்டார்ச்சோட வச்சாலும் சர்க்கரை வருதுன்னு காட்டினார். அமிலமும் வேண்டாம், கொதிக்கவும் வேண்டாம்.

இங்கதான் எச்சில் உள்ள வருது. 1831ல் ஜெர்மனியோட நியூரம்பெர்க்கைச் சேர்ந்த லோய்க்ஸ் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். வேக வச்ச ஸ்டார்ச் கூழ்ல புது எச்சிலைக் கலந்து வெதுவெதுப்பா வச்சா கூழ் நீர்த்துப் போகுது, இனிக்குது. அவ்வளவுதான் விஷயம். அதுவரைக்கும் எச்சிலுக்குக் கொடுத்திருந்த வேலை சாப்பாட்டை ஈரமாக்கி வழுக்கி உள்ள அனுப்பறது. ஜீரணம்னா வயிறு, வயிறுன்னா புளிப்பு அமிலம். வாயிலயே, விழுங்கறதுக்கு முன்னாடியே சாப்பாடு வேற பொருளா மாற ஆரம்பிக்குதுங்கறது புதுசு.

புதுசா, இல்லையா? இந்த இடத்துல நான் கொஞ்சம் சண்டை போடணும். தென் அமெரிக்காவோட ஆண்டீஸ் மலைப்பகுதியில பெண்கள் மக்காச்சோள மாவை வாயில போட்டு எச்சில்ல ஊற வச்சு, உருண்டையாக்கிக் காய வச்சு, அதுல இருந்து சிச்சாங்கற மதுவைப் பல நூறு வருஷமாக் காய்ச்சிக்கிட்டிருந்தாங்க. ஜப்பான்ல அரிசியை மென்னு துப்பிச் செய்யற மது இருந்தது. ஈஸ்ட்டால ஸ்டார்ச்சை நேரா சாப்பிட முடியாது, சர்க்கரை வேணும். எச்சில்தான் அந்த மாவை உடைச்சுக் கொடுத்தது. இதைப் பாத்த ஐரோப்பியப் பயணிகள் அருவருப்பா எழுதி வச்சாங்களே தவிர, ஏன் மெல்லறாங்கன்னு யோசிச்சவங்க குறைவு. லோய்க்ஸோட குறிப்பு முக்கியமானதுதான், அது கிண்ணத்துக்குள்ள செய்து, திரும்பச் செய்து பாக்கக்கூடியதா இருந்ததால. ஆனா எச்சிலோட இந்தக் குணத்தை வச்சு தொழில் நடத்தினவங்க அவருக்கு ரொம்ப முன்னாடியே இருந்தாங்க, அவங்க பேரை யாரும் எழுதி வைக்கல.

அதே 1831ல்தான் குர்துவாவுக்கு அயோடினுக்காக பிரெஞ்சு அறிவியல் கழகம் 6,000 ஃப்ராங்க் பரிசு கொடுத்தது. இருபது வருஷம் லேட். 1838ல் அவர் ஏழையாத்தான் செத்துப்போனார்.

அடுத்தது 1833, மறுபடி பாரிஸ். பாயான் ஒரு பீட்ரூட் சர்க்கரை ஆலையை நடத்தினவர். அவரும் பெர்சோவும் முளைகட்டின பார்லியை, அதாவது மால்ட்டை, அரைச்சு ஊற வச்சு வடிகட்டி, அந்தச் சாறுல ஆல்கஹால் ஊத்தினாங்க. வெள்ளையா ஏதோ திரண்டு வந்தது. அதை எடுத்துக் காய வச்சா ஒரு பொடி. அந்தப் பொடியில ஒரு பங்கு, தன் எடையைப் போல 2,000 மடங்கு ஸ்டார்ச்சைக் கரைச்சுடும்னு கணக்குப் போட்டாங்க. கொதிக்க வச்சா அந்தப் பொடியோட சக்தி போயிடும். அதுக்கு டயஸ்டேஸ்னு பேர் வச்சாங்க. கிரேக்கத்துல பிரிக்கறதுன்னு அர்த்தம். லாக்டேஸ், லைபேஸ், பி.சி.ஆர். சோதனையில வர பாலிமரேஸ் வரைக்கும் பெரும்பாலான நொதிப் பேரும் "ஏஸ்"னு முடியுதே, அந்த வால் இந்த டயஸ்டேஸ்ல இருந்து வந்ததுதான்.

இதோட கனம் இப்ப நமக்கு சட்டுன்னு புரியாது. முளைக்கற விதைக்குள்ள நடக்கற வேலை, உயிருக்குள்ள மட்டுமே நடக்கும்னு நினைச்சிருந்த வேலை. அதை ஒரு பாட்டில்ல பொடியா எடுத்து அலமாரியில வச்சு, அப்புறம் எடுத்து வேற மாவுல போட்டாலும் அதே வேலை நடக்குது. உயிருக்குன்னு தனியா ஒரு சக்தி இருக்கு, அது வேதியியலுக்குக் கட்டுப்படாதுன்னு நம்பினவங்களுக்கு இந்தப் பொடி ஒரு தொந்தரவு. அந்தச் சண்டை 1833ல முடியல, நூற்றாண்டு முழுக்க நடந்தது. "என்சைம்"ங்கற சொல்லே 1870களில் ஜெர்மனியில க்யூனே வச்சதுதான்.

1845ல் மியால் என்ற பாரிஸ் மருந்தாளர் பாயான் வழியை எச்சில்ல செய்து பாத்தார். எச்சிலை வடிகட்டி, ஆல்கஹால் ஊத்தி, அதே மாதிரி ஒரு வெள்ளைப் பொருளை எடுத்தார். பார்லி முளையில இருக்கறதும் மனுஷன் வாயில இருக்கறதும் ஒரே வேலையைச் செய்யுது. இப்ப நாம அதை எச்சில் அமைலேஸ்ங்கறோம். பழைய புத்தகங்கள்ல டயலின்.

எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னா, இல்ல. உடலியலோட பெரிய தலை க்ளோட் பெர்னார், எச்சிலோட வேலை பெரும்பாலும் ஈரமாக்கி விழுங்க வைக்கறதுதான்னு வாதாடினார். அவரைக் கிண்டல் பண்ண வேண்டாம். அந்தக் காலத்து உடலியல் சோதனைகள் பெரும்பாலும் நாய்கள் மேல நடந்தது. நாயோட எச்சில்ல அமைலேஸ் கிட்டத்தட்ட இல்லை. நாயை மட்டும் வச்சுப் பாக்கறவருக்கு எச்சில் சும்மா தண்ணியாத்தான் தெரியும். எந்த விலங்கோட வாய்ங்கறது அவ்வளவு முக்கியம்னு அப்ப யாரும் யோசிச்சிருக்கல.

இப்ப நம்ம கேள்வி. எச்சிலை ஸ்டார்ச் கரைசல்ல கலந்து, சில நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டுல வச்சு அயோடின் விட்டுப் பாத்தா, முதல்ல நீலம், அப்புறம் ஊதா, அப்புறம் செம்பழுப்பு, அப்புறம் ஒண்ணுமில்ல. (அயோடினைக் கலவைக்குள்ளயே ஊத்தக்கூடாது, அது நொதியையே கெடுத்துடும். தனியா சொட்டு எடுக்கறது அதுக்குத்தான்.) ஒண்ணுமில்லைன்னு வந்ததும் ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரை ஆயிடுச்சுன்னு சொல்லிடலாமா?

சொல்ல முடியாது. நீலம் போனா நீளமான சங்கிலி போச்சுன்னு மட்டும்தான் தெரியும். நடுவுல டெக்ஸ்ட்ரின்னு ஒரு கூட்டம் இருக்கு. 1833லயே பியோவும் பெர்சோவும் அந்தப் பேரை வச்சாங்க, ஒளியை வலப்பக்கமாத் திருப்புதுன்னு. பின்னாடி வியன்னாவுல எர்ன்ஸ்ட் ப்ரூக்கே அதையும் ரெண்டாப் பிரிச்சார்: அயோடின்ல சிவக்கற டெக்ஸ்ட்ரின், நிறமே கொடுக்காத டெக்ஸ்ட்ரின். அந்த ரெண்டாவது ஆள்தான் ஏமாத்தறவர். நீலமும் இல்ல, இனிப்பும் இல்ல. அதனால சர்க்கரைக்குன்னு தனியா இன்னொரு சோதனை வேணும். 1841ல் ட்ரோமர் செப்பு உப்பை வச்சு அதைக் கொடுத்தார், பின்னாடி ஃபெஹ்லிங், அதுக்கும் பின்னாடி நம்ம ஸ்கூல் லேப்ல செங்கல் நிறம் வருமே, அந்த பெனடிக்ட். உங்க டீச்சர் அயோடின், பெனடிக்ட் ரெண்டையும் செய்ய வச்சது ரெக்கார்ட் நோட்டை நிரப்பறதுக்காக இல்ல. ஒண்ணு எது போச்சுன்னு சொல்லும், இன்னொண்ணு எது வந்ததுன்னு சொல்லும். கூடவே கொதிக்க வச்ச எச்சிலைப் போட்ட ஒரு குழாய் இருக்கணும். அதுல நீலம் போகாம நின்னாத்தான் வேலை செஞ்சது எச்சில்ல இருந்த நொதின்னு சொல்ல முடியும்.

அப்பவும் ஒரு தப்பு பல வருஷம் ஓடிச்சு. வந்த சர்க்கரை என்ன சர்க்கரை? செப்புச் சோதனையில நிறம் வந்தா எல்லாரும் குளுக்கோஸ்னு எழுதிட்டுப் போனாங்க. 1847லயே துப்ருன்ஃபோ என்ற பிரெஞ்சுக்காரர், மால்ட் கொடுக்கறது வேற சர்க்கரைன்னு சொன்னார். யாரும் கண்டுக்கல. 1872ல் அயர்லாந்தைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஓ'சல்லிவன் அதைத் திரும்ப நிரூபிச்சார். அவர் வேலை பாத்தது பல்கலைக்கழகத்துல இல்ல, இங்கிலாந்தோட பர்ட்டன் ஊர்ல ஒரு பீர் ஆலையில. பீர் காய்ச்சறவங்களுக்கு எந்தச் சர்க்கரை எவ்வளவு வருதுங்கறது காசு விஷயம், அதனால துல்லியமா அளந்தாங்க. அந்தச் சர்க்கரைதான் மால்டோஸ், ரெண்டு குளுக்கோஸ் ஜோடி. எச்சில் கொடுக்கறதும் முக்கியமா அதேதான்னு 1870கள் முடியறதுக்குள்ள தெரிஞ்சுடுச்சு. மால்டோஸை உடைச்சு குளுக்கோஸ் ஆக்கறது பிற்பாடு சிறுகுடல்ல நடக்கற வேலை.

கடைசியா ஒண்ணு. வாயில சாதம் இருக்கறது சில வினாடிதான். உள்ள போனதும் வயித்து அமிலத்துல அமைலேஸ் செயலிழந்துடும். அப்ப எச்சிலால என்ன பெரிய பிரயோஜனம்னு 19ஆம் நூற்றாண்டு முழுக்க கேட்டாங்க, நியாயமான கேள்விதான். 1903ல் ஹார்வர்டைச் சேர்ந்த வால்டர் கேனனும் அவர் கூட வேலை பாத்தவரும் அதுக்கு பதில் சொன்னாங்க. கேனன் சில வருஷம் முன்னாடியே, அப்ப புதுசா வந்த எக்ஸ்ரேயை வச்சு பூனையோட வயிறு அசையறதைப் பாத்திருந்தார். இரைப்பையோட கீழ்ப்பகுதிதான் கடையுது. மேல்பகுதி சும்மா கிடக்குது. மென்ன சாப்பாடு அங்க ஒரு கட்டியாத் தங்கும். அமிலம் அந்தக் கட்டியோட வெளிப்பக்கத்துல இருந்து மெதுவாத்தான் உள்ள ஊறும். அதுவரைக்கும் கட்டிக்கு நடுவுல எச்சில் தன் வேலையைத் தொடர்ந்து செஞ்சுக்கிட்டே இருக்கும். சாப்பிட்டு கை கழுவி, தட்டை எடுத்து வச்சு, போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டிருக்கற நேரத்திலும்.

அடுத்த எபிசோடுல தகாமினே ஜோகிச்சி. ஜப்பான்ல சாதத்துல வளர்க்கற ஒரு பூஞ்சையில இருந்து டயஸ்டேஸை எடுத்து, 1894ல் அமெரிக்காவுல காப்புரிமை வாங்கி, ஜீரண மருந்தா வித்தவர். கேட்டுட்டு எழுதுங்க.